சப்நெட் பிரித்தாயிற்று, டீஃபால்ட் கேட்வேயை எந்தப் பெட்டியில் வைப்பது?

ஒரே /24-ல் (256 முகவரிகள் கொண்ட ஒரே தொகுதி) ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க்கை நான்கைந்து சப்நெட்டாக, அதாவது சிறு துண்டுகளாகப் பிரித்தாயிற்று. அலுவலகக் கணினிகள் ஒன்றில், சர்வர்கள் ஒன்றில், கேமராக்கள் ஒன்றில், விருந்தினர் வைஃபை ஒன்றில். விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) எண்களும் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: ஒவ்வொரு சப்நெட்டின் கேட்வேயும் (சப்நெட்டை விட்டு வெளியே போகும் வாசல்) எங்கே உட்கார வேண்டும்? இருக்கிற ரூட்டரே போதுமா, லேயர் 3 சுவிட்ச் (ரூட்டிங்கும் செய்யும் சுவிட்ச்) வாங்க வேண்டுமா, அல்லது ஃபயர்வாலிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாமா?

மூன்றுமே வேலை செய்யும். அதனால்தான் முடிவெடுப்பது சிரமம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாள் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும். வித்தியாசம் தெரிய சில மாதங்கள் ஆகும். என் பார்வையில் வேகத்தை விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. பாக்கெட் போகும் வழியை எல்லாரும் யோசித்து எழுதுகிறார்கள். அது திரும்பி வரும் வழியை எந்தப் பெட்டி தீர்மானிக்கிறது?

## கேட்வே கணினியின் முடிவு, ரூட் ரூட்டரின் முடிவு

ஒப்பீட்டுக்குள் போகும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இதில் குழப்பம் இருந்தால் கீழே வரும் எதுவும் பிடிபடாது.

கணினி ஒரு பாக்கெட்டை அனுப்பும் முன் தன் ஐபியையும் சப்நெட் மாஸ்க்கையும் (சப்நெட்டின் அளவைச் சொல்லும் எண்) வைத்து ஒரு கணக்குப் போடுகிறது: சேர வேண்டிய முகவரி என் சப்நெட்டுக்குள் இருக்கிறதா? இருந்தால் ஏஆர்பி (ஒரு ஐபிக்கு உரிய மேக் எது என்று கேட்கும் முறை) வழியாக அந்தக் கணினியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) நேரடியாகக் கேட்கிறது. இல்லையென்றால் கேட்வேயின் மேக் முகவரியைக் கேட்டு, அதனிடம் தள்ளிவிடுகிறது. அப்போதும் பாக்கெட்டில் இருக்கும் சேருமிட ஐபி மாறுவதில்லை. மேலே சுற்றியிருக்கும் ஃபிரேமின் மேக் முகவரி மட்டும்தான் கேட்வேயுடையது.

ஆகவே கேட்வே அந்தக் கணினியின் சப்நெட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். 192.168.10.0/24-ஐ நான்கு /26-ஆக வெட்டினால் 0–63, 64–127, 128–191, 192–255 என்று நான்கு துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 62 முகவரிகள் பயன்படும். இரண்டாம் துண்டில் இருக்கும் 192.168.10.70-க்குப் பழைய பழக்கத்தில் 192.168.10.1-ஐக் கேட்வேயாகக் கொடுத்தால், அது முதல் துண்டைச் சேர்ந்த முகவரி. லினக்ஸ் பொதுவாக அந்த ரூட்டைச் சேர்க்கவே மறுத்துவிடும். 65 அல்லது 126 என்று அந்தத் துண்டுக்குள்ளேயே ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

கேட்வேயைச் சரியாக மாற்றிவிட்டு மாஸ்க்கை /24 ஆகவே விட்டுவிடுவது இதைவிட வில்லங்கமான தவறு. அப்போது 192.168.10.70, 130-ல் இருக்கும் சர்வரைத் தன் சப்நெட்டில் இருப்பதாக நினைத்து நேரடியாக ஏஆர்பி கேட்கும். பதில் வராது. ஆனால் இணையம் ஒழுங்காகத் திறக்கும். "நெட் வருது, சர்வர் மட்டும் வரல" என்று புகார் வந்தால் முதலில் மாஸ்க்கைப் பாருங்கள். இதிலும் ஒரு கிளைக்கதை உண்டு. ரூட்டரில் பிராக்ஸி ஏஆர்பி ஆன் ஆகியிருந்தால், சர்வருக்குப் பதிலாக ரூட்டரே "நான்தான்" என்று பதில் சொல்லிவிடும். எல்லாம் ஓடும், தவறு மறைந்திருக்கும். 1987-ல் ஆர்எஃப்சி 1027 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் எழுதப்பட்ட இந்த ஏற்பாடு, சப்நெட் என்றால் என்னவென்றே தெரியாத பழைய கணினிகளுக்காக வந்தது. சிஸ்கோ ஐஓஎஸ் ரூட்டர்களில் இது இயல்பாகவே ஆன். பல வருடம் கழித்து வேறு பெட்டிக்கு மாறும் நாளில்தான் தவறான மாஸ்க்குகள் எல்லாம் ஒன்றாக வெளியே வரும்.

டீஃபால்ட் ரூட் என்பது ரூட்டிங் டேபிளில் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) இருக்கும் 0.0.0.0/0 என்ற வரி. எந்த முகவரிக்கும் பொருந்தும். ஆனால் நீளமான பிரிஃபிக்ஸ்தான் (சாய்கோட்டுக்குப் பின் பெரிய எண் உள்ள வரி) ஜெயிக்கும் என்பதால், வேறு எந்த வரியும் பொருந்தாதபோது மட்டுமே இதன் முறை வரும். கணினியில் நீங்கள் கொடுக்கும் கேட்வேயும் உள்ளே இதே வரியாகத்தான் உட்காருகிறது. சுவிட்சில்தான் இரண்டும் பிரிகின்றன. லேயர் 2 சுவிட்சுக்கு (ரூட்டிங் செய்யாத சாதாரண சுவிட்ச்) கேட்வே என்பது அதன் சொந்த நிர்வாகத்துக்கு மட்டும்: நீங்கள் வேறு சப்நெட்டிலிருந்து லாகின் செய்யும்போது அது பதில் அனுப்ப வேண்டுமே. சிஸ்கோ சுவிட்சில் ரூட்டிங்கை ஆன் செய்த உடனே அந்த டீஃபால்ட் கேட்வே கட்டளை செல்லாக்காசாகிவிடும். அதன் இடத்தில் டீஃபால்ட் ரூட் எழுதியிருக்க வேண்டும். தொலைவிலிருந்து லாகின் செய்தபடி ரூட்டிங்கை ஆன் செய்தவர்கள் கன்சோல் கேபிளைத் தேடி ஓடுவது இதனால்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், சப்நெட்டுகளுக்கு இடையே எவ்வளவு டிராஃபிக் ஓடுகிறது என்று பாருங்கள். இணையத்துக்குப் போவது இதில் சேராது. கணினி–சர்வர், கேமரா–ரெக்கார்டர் போன்ற உள்போக்குவரத்துதான் கணக்கு. அடுத்தது, அந்த டிராஃபிக்கை யாராவது பரிசோதிக்க வேண்டுமா என்பது. மூன்றாவது, ஒரு பெட்டி செத்தால் எத்தனை சப்நெட் அதோடு சாகும். நான்காவது, ரூட்டுகளை எத்தனை பெட்டியில் கையால் எழுத வேண்டும்.

இந்த நான்காவதை யாரும் விலைப்பட்டியலில் பார்ப்பதில்லை. மறைமுகச் செலவில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

## வாய்ப்பு 1: ரூட்டரும் ஒற்றை டிரங்க்கும்

சாதாரண மேனேஜ்டு சுவிட்சிலிருந்து ரூட்டருக்கு ஒரே ஒரு கேபிள், அதுதான் டிரங்க். அதில் 802.1கியூ டேக்கோடு (எந்த விலேன் என்று சொல்லும் அடையாளம்) எல்லா விலேன்களும் போகும். ரூட்டரில் விலேனுக்கு ஒன்றாக சப்-இன்டர்ஃபேஸ். ஒவ்வொன்றின் ஐபியும் அந்தந்த சப்நெட்டின் கேட்வே.

இதன் அழகு ரூட்டிங் டேபிளில் இருக்கிறது. எல்லா சப்நெட்டும் ரூட்டருக்கு நேரடியாகத் தெரியும். நீங்கள் கையால் எழுத வேண்டியது இணையத்தை நோக்கிய ஒரே ஒரு டீஃபால்ட் ரூட்தான். திரும்பும் வழி தானாகவே அமைந்துவிடுகிறது. சப்நெட்டிங் கற்றுக்கொள்பவர்களுக்கும் இதுவே நல்ல தொடக்கம், ஏனென்றால் தவறு செய்ய இடம் குறைவு.

விலை எங்கே என்றால், சப்நெட் தாண்டும் ஒவ்வொரு பாக்கெட்டும் அதே கேபிளில் ஏறி, அதே கேபிளில் இறங்குகிறது. 1 ஜிகாபிட் டிரங்க் என்றால், எல்லா சப்நெட்டுகளுக்கும் இடையே இரு திசைப் போக்குவரத்தையும் கூட்டினாலும் 1 ஜிகாபிட்டைத் தாண்டாது. இரவு பேக்கப் ஓடும்போது, அல்லது கேமரா வீடியோவெல்லாம் வேறு சப்நெட்டில் இருக்கும் ரெக்கார்டருக்குப் பாயும்போது, கேபிள் முட்டிவிடும். சிறிய ரூட்டர்கள் பாக்கெட்டை சிபியூவில் கையாள்பவை. அங்கே கேபிளுக்கு முன்பே சிபியூ மூச்சு வாங்கும்.

டிரங்க் கேபிள் ஒன்று கழன்றால் எல்லா சப்நெட்டுக்கும் கேட்வே போய்விடும். ஒரே சப்நெட்டுக்குள் மட்டும் பேச்சு நடக்கும்.

உள்போக்குவரத்து குறைவு, எல்லாரும் பெரும்பாலும் இணையத்துக்கே போகிறார்கள் என்றால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கூடுதலாக ஒரு பெட்டி வாங்கச் சொல்பவரிடம் டிரங்கின் டிராஃபிக் கிராஃபைக் காட்டுங்கள்.

## வாய்ப்பு 2: லேயர் 3 சுவிட்ச்

கேட்வே ஐபிகள் சுவிட்சின் விலேன் இன்டர்ஃபேஸ்களில் உட்காருகின்றன. சப்நெட்டுகளுக்கு இடையேயான ரூட்டிங் சுவிட்சின் சிப்பிலேயே முடிந்துவிடும். போர்ட்டின் முழு வேகம் கிடைக்கும். இணையத்துக்குப் போவது மட்டும் டீஃபால்ட் ரூட் வழியாக மேலே இருக்கும் ரூட்டருக்கோ ஃபயர்வாலுக்கோ போகும். உள்போக்குவரத்து அதிகமுள்ள எந்த இடத்துக்கும் இதுவே இயல்பான தேர்வு, விற்பவர்களும் இதைத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்லாத வேலைகள் சில இருக்கின்றன.

சுவிட்சுக்கும் மேலே உள்ள பெட்டிக்கும் இடையே தனியாக ஒரு சிறு சப்நெட் வேண்டும். இரண்டே முகவரிகள் போதும் என்பதால் /30. இரு பக்கமும் ஆதரித்தால் /31-ம் போடலாம், ஆர்எஃப்சி 3021 2000-லேயே அதற்கு வழி விட்டுவிட்டது. இந்தச் சப்நெட்டில் வேறு எந்தக் கணினியையும் வைக்காதீர்கள். ஏன் என்பது கலப்பு ஏற்பாட்டைப் பற்றிய பகுதியில் வரும்.

அடுத்து, திரும்பும் வழி. சுவிட்சில் 0.0.0.0/0 எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால் பாதிதான் முடிந்தது. மேலே இருக்கும் ஃபயர்வாலுக்கு 10.20.10.0/24, 10.20.20.0/24 எல்லாம் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கின்றன என்று தெரியாது. அதனிடமும் 0.0.0.0/0 இருக்கிறது, அது இணையத்தைப் பார்த்தபடி. எனவே உங்கள் கணினிக்கு வர வேண்டிய பதிலை அது இணையப் பக்கமே திருப்பி அனுப்பிவிடும். ஒவ்வொரு உள் சப்நெட்டுக்கும் ஃபயர்வாலில் ரூட் எழுத வேண்டும். நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) விதியிலும் அந்த சப்நெட்டுகள் இருக்க வேண்டும். புது சப்நெட் சேர்க்கும்போதெல்லாம் இரண்டு பெட்டியில் கை வைக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

சலித்துப்போய், ஃபயர்வாலில் 10.20.0.0/16 மொத்தத்தையும் சுவிட்சுக்கு என்று ஒரே வரியில் எழுதுவார்கள். நல்ல யோசனைதான், ஒரு கண்ணியைத் தவிர. யாரோ 10.20.77.5-க்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு சப்நெட்டே கிடையாது. ஃபயர்வால், /16-ல் பொருந்துகிறது என்று சுவிட்சுக்கு அனுப்பும். சுவிட்சிடம் 77 இல்லை, ஆகவே டீஃபால்ட் ரூட்டைப் பார்த்து ஃபயர்வாலுக்கே திருப்பும். டிடிஎல் (ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று குறையும் எண்) பூஜ்யமாகும்வரை இந்தப் பந்தாட்டம் நடக்கும்; 64-ல் கிளம்பிய பாக்கெட் அந்தச் சிறு இணைப்பில் அறுபது சொச்சம் தடவை குறுக்கே ஓடும். ஒரு கணினி நெட்வொர்க்கை ஸ்கேன் செய்தால் இணைப்பே திணறும். தீர்வு ஒரே வரி: சுவிட்சில் 10.20.0.0/16-ஐ நல் (null) இன்டர்ஃபேஸுக்கு, அதாவது பாக்கெட்டைத் தூக்கிப் போடும் இடத்துக்கு, எழுதிவிடுவது. உண்மையான /24-கள் நீளமான பிரிஃபிக்ஸ் என்பதால் பாதிக்கப்படாது. இல்லாத முகவரிக்கான பாக்கெட் மட்டும் அங்கேயே செத்துவிடும்.

டிஹெச்சிபி சர்வர் (கணினிகளுக்கு ஐபி கொடுப்பது) வேறு சப்நெட்டில் இருந்தால் ஒவ்வொரு விலேன் இன்டர்ஃபேஸிலும் ரிலே (கேள்வியை அந்த சர்வருக்குக் கடத்தும் ஏற்பாடு) போட வேண்டும். கணினிகள் கேட்கும் பிராட்காஸ்ட் சப்நெட்டைத் தாண்டாது.

பரிசோதனை விஷயத்தில் சுவிட்ச் பலவீனம். அதன் ஏசிஎல்கள் (அனுமதி விதிப் பட்டியல்கள்) பெரும்பாலும் ஸ்டேட் (இணைப்பின் நிலை) பார்க்காதவை: போகும் பாக்கெட்டுக்கு ஒரு விதி, திரும்புவதற்கு இன்னொரு விதி. பட்டியல் நீளும்போது சிப்பில் இருக்கும் நினைவகமும் தீரும். நாட் செய்ய இதை எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான சுவிட்சுகளுக்கு வராது.

## வாய்ப்பு 3: ஃபயர்வாலே எல்லாவற்றுக்கும் கேட்வே

அமைப்பு முதல் வாய்ப்பைப் போலத்தான், ரூட்டர் இருந்த இடத்தில் ஃபயர்வால். திரும்பும் வழி பற்றிய கவலை இங்கும் இல்லை, எல்லா சப்நெட்டும் நேரடி. கூடுதலாக, சப்நெட் தாண்டும் ஒவ்வொரு இணைப்பும் ஒரு விதியைக் கடந்தாக வேண்டும், லாகில் பதிவாகும். கேமரா சப்நெட்டில் ஒன்று கெட்டுப்போய் சர்வரைத் தட்டினால் அங்கேயே தெரியும்.

ஆனால் ஃபயர்வாலின் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் வேகம் வெறும் பாக்கெட் கடத்தும் வேகம். ஊடுருவல் தடுப்பு, வைரஸ் சோதனை எல்லாம் ஆன் செய்த பிறகு கிடைப்பது அதில் ஒரு பங்குதான். டேட்டாஷீட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த இரண்டாவது எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். இணைய இணைப்புக்கு அளவெடுத்து வாங்கிய பெட்டி உள்போக்குவரத்துக்கும் போதும் என்று எண்ணுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்புக் கணக்கு. ஆண்டுச் சந்தா இன்னொரு செலவு. ஃபர்ம்வேர் மாற்ற ரீபூட் செய்யும்போது இணையம் மட்டுமில்லாமல் உள்ளே இருக்கும் சர்வரும் சேர்ந்து போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## பக்கம் பக்கமாக

| அளவுகோல் | ரூட்டர் + டிரங்க் | லேயர் 3 சுவிட்ச் | ஃபயர்வால் |
|---|---|---|---|
| உள்போக்குவரத்து வேகம் | டிரங்க், சிபியூ வரம்புக்குள் | போர்ட் வேகம் | பரிசோதனையோடு கிடைக்கும் வேகம் |
| பரிசோதனை | அடிப்படை ஏசிஎல் | ஸ்டேட் பார்க்காத ஏசிஎல் | முழுமை, லாகோடு |
| கையால் எழுதும் ரூட் | டீஃபால்ட் மட்டும் | டீஃபால்ட், திரும்பும் ரூட்டுகள், நல் ரூட் | டீஃபால்ட் மட்டும் |
| பெட்டி செத்தால் | சப்நெட்டுகள் தனித்தனித் தீவு | கேட்வேயோடு சுவிட்சிங்கும் போகும் | சப்நெட்டுகள் தனித்தனித் தீவு |
| மறைமுகச் செலவு | வளரும்போது மூச்சு முட்டும் | புது சப்நெட்டுக்கு இரண்டு பெட்டியில் வேலை | சந்தா, பெரிய மாடல் |

## கலந்து வைத்தால்?

பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்: கணினிகளும் சர்வர்களும் சுவிட்சில், விருந்தினர் வைஃபையும் கேமராவும் ஃபயர்வாலில். எனக்கும் இதுவே பிடித்த ஏற்பாடு. நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒரு சப்நெட்டில் இரண்டு ரூட்டிங் பெட்டிகளின் காலும், கணினிகளும் சேர்ந்து இருக்கக் கூடாது.

இருந்தால் நடப்பதைப் பாருங்கள். அலுவலக சப்நெட்டில் ஃபயர்வாலுக்கு 10.20.10.1, சுவிட்சுக்கு 10.20.10.2. கணினிகளின் கேட்வே 10.20.10.1. சர்வர்கள் சுவிட்சுக்குப் பின்னால். கணினி அனுப்பும் முதல் சின் (SYN, இணைப்பைத் தொடங்கும்) பாக்கெட் ஃபயர்வாலுக்குப் போய், அங்கிருந்து சுவிட்ச் வழியாக சர்வரை அடைகிறது. சர்வரின் பதிலோ, சுவிட்சுக்கு அலுவலக சப்நெட் நேரடியாகத் தெரியும் என்பதால், ஃபயர்வாலைத் தொடாமலே கணினிக்கு வந்துவிடுகிறது. ஃபயர்வால் இணைப்பின் தொடக்கத்தைப் பார்த்தது, பதிலைப் பார்க்கவில்லை. அடுத்து வரும் பாக்கெட்டை "இது எந்த இணைப்பு?" என்று கேட்டுத் தூக்கிப் போட்டுவிடும்.

பிங் மட்டும் போகும்! ஒவ்வொரு எக்கோவும் தனி என்பதால் அதற்குச் சிக்கல் இல்லை. பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை என்றால் பலர் சர்வரைத்தான் சந்தேகிப்பார்கள். சிலர் ஃபயர்வாலில் ஸ்டேட் சோதனையையே அணைத்துவிடுவார்கள். அதற்கு ஃபயர்வாலே வாங்கியிருக்க வேண்டாம். இரு பெட்டிகளுக்கும் இடையே கணினி இல்லாத அந்த /30-ஐ வைத்தால் பிரச்சினையே எழாது.

இதே நோய் கணினியிலும் வரும். ஒரு சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு, இரண்டிலும் கேட்வே கொடுப்பது. இரண்டு 0.0.0.0/0 வரிகளில் எது என்பதை மெட்ரிக் (சிறியது ஜெயிக்கும் எண்) தீர்மானிக்கும்; ஒரு கார்டில் வந்த கேள்விக்கு மற்றொன்றில் பதில் கிளம்பும். விண்டோஸ் இதற்கு எச்சரிக்கையே காட்டுகிறது. ஒரு கார்டில் மட்டும் கேட்வே, மற்றதற்குத் தேவையான சப்நெட்டுகளுக்கு மட்டும் ஸ்டேடிக் ரூட் (கையால் எழுதும் ரூட்) என்பதே முறை. டிஹெச்சிபியில் ஆப்ஷன் 121 மூலம் ரூட்டுகளை அனுப்பினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதை ஏற்கும் கணினி ஆப்ஷன் 3-ல் வரும் கேட்வேயைக் கண்டுகொள்ளக் கூடாது என்பது ஆர்எஃப்சி 3442-ன் விதி. டீஃபால்ட் ரூட்டையும் 121-க்குள்ளேயே சேர்த்து அனுப்ப வேண்டும்.

## ஸ்டேடிக்கா, ஓஎஸ்பிஎஃப்பா

வெளியே ஒரே வழி என்றால் ஸ்டேடிக் டீஃபால்ட் ரூட் போதும். எழுதும்போது அடுத்த பெட்டியின் ஐபியைக் கொடுங்கள். ஈதர்நெட் இன்டர்ஃபேஸின் பெயரை மட்டும் கொடுத்தால், ரூட்டர் இணையத்தில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் தனியாக ஏஆர்பி கேட்கும். எதிர்ப்பக்கம் பிராக்ஸி ஏஆர்பி செய்தால்தான் ஓடும், ஏஆர்பி டேபிளும் வீங்கும்.

இரண்டு இணைய இணைப்பு இருந்தால் தூரம் (ரூட்டின் முன்னுரிமை எண், குறைந்தது ஜெயிக்கும்) அதிகம் கொடுத்த இரண்டாவது ஸ்டேடிக் ரூட்டைக் காத்திருக்க வைக்கலாம். சிஸ்கோவில் ஸ்டேடிக்கின் இயல்பான தூரம் 1. மாற்று ரூட்டுக்கு 250 என்று கொடுப்பார்கள். ஆனால் முதல் ரூட் விலகுவது இன்டர்ஃபேஸ் விழுந்தால்தான். சேவை வழங்குநரின் பக்கம் உள்ளே எங்கோ அறுந்து, உங்கள் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், எல்லாம் பாழ்கிணற்றில் போகும். வெளியே ஒரு முகவரியை விடாமல் சோதித்து, பதில் இல்லையென்றால் ரூட்டை நீக்கும் கண்காணிப்பையும் சேர்த்தால்தான் அது மாற்று ஏற்பாடு.

ஓஎஸ்பிஎஃப் (பெட்டிகள் தாங்களே ரூட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை) லாபம் தருவது லேயர் 3 பெட்டிகள் மூன்று நான்கு ஆன பிறகு, அல்லது சப்நெட்டுகள் அடிக்கடி சேரும் இடத்தில். திரும்பும் ரூட்டுகளைக் கையால் எழுதும் வேலை போய்விடும். டீஃபால்ட் ரூட்டை மட்டும் எல்லையில் உள்ள பெட்டி அறிவிக்கும்படி தனியாகச் சொல்ல வேண்டும். தன் டேபிளில் 0.0.0.0/0 இருந்தால்தான் அது அறிவிக்கும். "எப்போதும்" என்ற கூடுதல் சொல்லைச் சேர்த்தால் இல்லாவிட்டாலும் அறிவிக்கும், அதாவது வழியில்லாத இடத்துக்கு எல்லாரையும் கூப்பிடும். ஒரே எல்லைப் பெட்டி உள்ள இடத்தில் அந்தச் சொல்லைத் தவிர்ப்பேன்.

கேட்வே பெட்டியையே இரண்டாக வைப்பதற்கு விஆர்ஆர்பி, சிஸ்கோவில் ஹெச்எஸ்ஆர்பி. இரு பெட்டிகளும் ஒரு மெய்நிகர் ஐபியைப் பகிர்ந்துகொள்ளும். கணினிகளுக்கு அதுவே கேட்வே. இயல்பான அமைப்பில் விஆர்ஆர்பி மூன்று நான்கு விநாடியில் கைமாறும், ஹெச்எஸ்ஆர்பி பத்து விநாடி எடுக்கும். மேல்நோக்கிய இணைப்பையும் கண்காணிக்கச் சொல்லாவிட்டால், இணையம் அறுந்த பெட்டியே கேட்வேயாகத் தொடர்ந்து உட்கார்ந்திருக்கும்.

## கேட்வேயை மாற்றும் இரவு

இன்று ரூட்டரில் தொடங்கி நாளை சுவிட்சுக்கு மாறலாம், அதில் தவறில்லை. கேட்வேயின் ஐபியை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கணினிகள் எதிலும் கை வைக்க வேண்டாம். மாறுவது மேக் முகவரி. கணினிகள் பழைய மேக்கை ஏஆர்பி நினைவில் வைத்திருக்கும், புதுப் பெட்டி தன்னை அறிவிக்கும் ஏஆர்பியை அனுப்பினால் பெரும்பாலானவை உடனே திருத்திக்கொள்ளும். பிரிண்டர், கேமரா போன்ற சில சாமான்கள் பிடிவாதம் பிடிக்கும், அவற்றை ரீஸ்டார்ட் செய்ய வேண்டிவரும். பழைய ரூட்டரின் சப்-இன்டர்ஃபேஸை அணைத்த பிறகே சுவிட்சில் அதே ஐபியை ஆன் செய்யுங்கள். ஒரு சப்நெட் மாற்றி, சரிபார்த்து, அடுத்தது. விருந்தினர் வைஃபையில் தொடங்கினால் திட்டு குறைவு.

சரிபார்க்கும்போது டிரேஸ்ரூட்டை (பாக்கெட் கடக்கும் பெட்டிகளைப் பட்டியலிடும் கருவி) ஒரு முனையிலிருந்து மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். கணினியிலிருந்து சர்வருக்கு ஒன்று, சர்வரிலிருந்து கணினிக்கு ஒன்று. இரண்டிலும் அதே பெட்டிகள் எதிர் வரிசையில் வர வேண்டும். வராவிட்டால் பழைய ரூட்டரை அலமாரியில் வைக்க இன்னும் நேரம் வரவில்லை.